சான்றிதழுக்கு மூன்று, நமக்கு ஒன்று

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் பியானோ பழகும் பிள்ளைகள் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். சிலருக்கு வீட்டில் கீபோர்ட் இருக்கிறது. சிலர் சனிக்கிழமைகளில் கண்டிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழகிவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். அவர்களிடம் "இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கிரேட் த்ரீ", "கிரேட் ஃபைவ்" என்றுதான் பதில் வரும். வாசிக்கும் உருப்படியின் பெயர் வராது. எந்த உருப்படி என்று மறுபடியும் கேட்டால், "ஏ லிஸ்டில் இருக்கிற ஒன்று" என்பார்கள். அதை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். இப்போது ஒரு வங்கியில் வேலை. இசை எனக்குத் தொழில் அல்ல, இனி ஆகப்போவதும் இல்லை. இரவில் பாத்திரம் கழுவி முடிந்த பின் அரை மணித்தியாலம் கட்டைகளின் முன் உட்காருவேன், அவ்வளவுதான். அப்படி உட்காருகிற ஒருத்தி என்ற உரிமையில் தங்கைமாரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பரீட்சைக்குரிய மூன்று உருப்படிகளை ஆசிரியர் தெரிவு செய்யட்டும். ஆனால் வருடத்துக்கு ஓர் உருப்படியை மாணவி தனக்கென்று தானே தெரிவு செய்ய வேண்டும். அதை முழுமையாகப் பழகி, பரீட்சை போன பின்னும் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு.

நம் நாட்டில் பியானோ பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் அசோசியேட்டட் போர்ட் நடத்தும் பரீட்சைகளுக்கோ, ட்ரினிட்டி கல்லூரியின் பரீட்சைகளுக்கோ தோற்றுகிறார்கள். அசோசியேட்டட் போர்ட் 1889 இல் தொடங்கப்பட்டது. அதன் பியானோப் பரீட்சையில் எட்டுத் தரங்கள் உள்ளன. வழமையான செயன்முறைப் பரீட்சையில் ஒவ்வொரு தரத்துக்கும் மூன்று உருப்படிகள் வாசிக்க வேண்டும், ஏ, பீ, சீ என்ற மூன்று பட்டியல்களிலிருந்தும் ஒவ்வொன்று. அப்படியானால் முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை போன பிள்ளை 15 உருப்படிகள் பழகியிருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளையை, ஐந்தாம் தரம் சித்தியடைந்து ஆறு மாதம் கழித்து, கீபோர்டின் முன் உட்கார வைத்துப் புத்தகம் இல்லாமல் ஏதாவது வாசிக்கச் சொல்லுங்கள். 15 இல் எத்தனை கையில் நிற்கிறது? எனக்குத் தெரிந்த பல பிள்ளைகளிடம் ஒன்றுகூட நிற்கவில்லை. இரண்டாம் தரத்தின் மூன்று வந்ததும் முதலாம் தரத்தின் மூன்று போய்விட்டது. இப்படியே ஒவ்வொரு வருடமும் புதியது பழையதைத் தள்ளிவிட்டது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் வகுப்பு நின்றது. உயர்தரத்தில் கீபோர்ட் துணி போர்த்தி அலுமாரிக்கு மேலே போனது. சான்றிதழ் மட்டும் கோப்பில் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்பதல்ல விடயம். ஐந்து வருடம் பழகிய கைக்கு, தான் விரும்பி வாசிக்க ஒன்றுமே இல்லை. பரீட்சை இல்லாத நாளில் எதற்காகக் கட்டையைத் தொடுவது?

நம் உம்மாமாரின் சமையலை நினைத்துப் பாருங்கள். எந்த உம்மாவும் வருடத்துக்கு மூன்று புதுக் கறி பழகி, யாரிடமோ புள்ளி வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் அந்த மூன்றையும் மறந்துவிடுவதில்லை. ஒவ்வொருவர் கையிலும் பத்துப் பன்னிரண்டு சாமான் இருக்கும். வட்டிலப்பம் ஒருவருடைய கைப்பக்குவம், கஞ்சி இன்னொருவருடையது. புத்தகம் பார்க்காமல், பேசிக்கொண்டே செய்வார்கள். எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் கை மறப்பதில்லை. பியானோ பழகும் பெண்ணுக்கும் அப்படி ஒரு சிறு கையிருப்பு வேண்டும்.

சரி, எதைத் தெரிவு செய்வது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தெரிவு என்று வந்தவுடன் பிள்ளைகள் நேராகப் போவது பீத்தோவனின் "ஃபர் எலீஸ்" என்ற உருப்படிக்குத்தான். அழகானது, எல்லோருக்கும் தெரிந்தது. பீத்தோவன் அதை 1810 இல் எழுதினார். அவர் இறந்து 40 வருடங்களுக்குப் பின், 1867 இல்தான் அது அச்சேறியது. நமக்கெல்லாம் தெரிந்த அந்த முதற் பகுதி எளிதுதான். ஆனால் அந்த உருப்படியில் அதே பகுதி மூன்று முறை வரும், நடுவில் வேறு இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்றில் வலக்கை மிக வேகமாக ஓட வேண்டும். மற்றதில் இடக்கை ஒரே அடிச்சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க வலக்கை கனமான சுரக்கூட்டங்களை வாசிக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் முதற் பக்கத்தை மட்டும் பழகி, நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த மாமிக்கு வாசித்துக் காட்டும்போதும் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. பீத்தோவனின் "மூன்லைட்" சொனாட்டாவுக்கும் இதே கதைதான். முதற் பகுதி மெதுவானது என்பதால் எளிது என்று நினைக்கிறார்கள். வலக்கையின் மற்ற விரல்கள் மூன்று மூன்றாகச் சுரங்களை உருட்டிக்கொண்டிருக்க, அதே கையின் சிறுவிரல் மெட்டைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். பழகிப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

பெரிய உருப்படியின் பாதியை விடச் சின்ன உருப்படியின் முழுமை மேல் என்பது என் கருத்து. இது என் கருத்து மட்டுமல்ல. ஜெர்மனியின் ராபர்ட் ஷூமான் இளம் இசைஞர்களுக்கென்று எழுதிய அறிவுரைகளிலும் இது இருக்கிறது. கடினமானதை ஏனோதானோ என்று வாசிப்பதை விட எளிதானதை அழகாக வாசிக்க முயல வேண்டும் என்கிறார். அவர் சொல்லிவிட்டு இருந்துவிடவும் இல்லை. 1848 இல் தம் மூத்த மகள் மேரியின் ஏழாவது பிறந்த நாளுக்கென்று சில சிறு உருப்படிகளை எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து 43 உருப்படிகள் கொண்ட "இளையோருக்கான தொகுப்பு" ஆயிற்று. ஒரு தகப்பன் தன் பெண்பிள்ளை வீட்டில் வாசிப்பதற்கென்று எழுதியவை அவை. பல ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் பெரியவர்கள் வாசித்தாலும் சிறுபிள்ளைத்தனமாக இராது.

தெரிவு செய்வதற்கு நான் பாவிக்கும் வழிகள் நான்கு. ஆசிரியைகள் இதை விட நன்றாகச் சொல்லக்கூடும். ஆனால் இவை வீட்டில் தனியே இருக்கும் ஒருத்திக்கும் உதவும்.

முதலாவது, காதால் தெரிவு செய்யுங்கள். ஓர் உருப்படி பிடித்துவிட்டது என்றால் உடனே பழகத் தொடங்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு அதைத் தினமும் கேளுங்கள். பதினான்காம் நாளும் கேட்க ஆசையாக இருந்தால் மட்டும் சுரக்குறிப்பைத் தேடுங்கள். பழகி முடிப்பதற்குள் அதை நீங்கள் பல நூறு முறை கேட்கப் போகிறீர்கள். இரண்டு கிழமையில் சலித்துப் போவது இரண்டு மாதம் தாங்காது. அதுவும் ஒரே வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் சேர்த்து.

இரண்டாவது, மிகக் கடினமான நான்கு தாளக் கட்டங்களை முதலில் பாருங்கள். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பாதையில் கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகள் தெரியாதவர்கள் இங்கே இல்லை. அந்த வளைவில் லொறி என்ன வேகத்தில் போக முடியுமோ, அதை வைத்துத்தான் பயண நேரத்தைக் கணக்கிட வேண்டும். நேர்ப் பாதையில் போகும் வேகத்தை வைத்தல்ல. உருப்படியும் அப்படியே. ஆரம்பம் எளிதாக இருக்கும், மூன்றாம் பக்கத்தில்தான் வளைவு இருக்கும். அந்த நான்கு தாளக் கட்டங்களையும் முதல் நாளே, ஒவ்வொரு கையாகத் தனித்தனியே, மிக மெதுவாக வாசித்துப் பாருங்கள். தட்டுத்தடுமாறியாவது வந்தால் அது உங்களுக்கு எட்டக்கூடியது. சிறிதும் வரவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம். ஒன்றும் ஓடிப்போகாது.

மூன்றாவது, உங்களிடம் இருக்கும் கருவியைப் பாருங்கள். இது நம் மலையகத்துக்கு முக்கியமான விடயம். ரயில் 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்த பின் தோட்டத்துரைமாரின் பங்களாக்களுக்குப் பாரமான சாமான்கள் ஏறுவது எளிதாயிற்று. மரப் பியானோவுக்கு ஈரம் ஆகாது. உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள் முறுக்கேறி நிற்கின்றன. ஒலிப்பலகை மரத்தாலானது. நம் மழை மாதங்களில் அந்த மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், சுருதி மாறும், கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். சுருதி சேர்ப்பவரை வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஆகவே நம்மில் பலர் வீட்டில் இருப்பது மின்சாரக் கீபோர்ட்தான். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பியானோவில் 88 கட்டைகள், சாதாரணக் கீபோர்டில் 61. இடப்பக்கமும் வலப்பக்கமும் சில கட்டைகள் இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய உருப்படிகளுக்கு அவை வேண்டும். அதற்கு முந்திய காலத்து இசைக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஏனென்றால் பாக், மொஸார்ட் ஆகியோர் காலத்துக் கருவிகளும் ஏறத்தாழ ஐந்து ஸ்தாயி அளவே கொண்டவை.

இதற்கு நல்ல உதாரணம் பாக் எழுதிய சீ மேஜர் பிரெலூட். 1722 இல் தொகுத்த "வெல் டெம்பர்ட் கிளேவியர்" என்ற நூலின் முதல் உருப்படி அது. மொத்தம் 35 தாளக் கட்டங்கள். இரண்டு கையும் சேர்ந்து ஒரு சுரக்கூட்டத்தை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வாசிப்பதுதான் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இறுதி வரை. பாய்ச்சல் இல்லை, வேகம் இல்லை, கை அகல விரிய வேண்டியதும் இல்லை. அதன் கடைசிப் பகுதியில் வரும் மிகத் தாழ்ந்த சுரம், 61 கட்டைக் கீபோர்டின் இடப்பக்க முதற் கட்டை. அதற்குக் கீழே ஒரு கட்டையும் தேவைப்படாது. கீபோர்ட் மட்டும் உள்ள வீட்டிலும் ஒரு குறையும் இல்லாமல் முழுமையாக வாசிக்கலாம். எளிதாகத் தோன்றும் இதை நல்ல பியானோக் கலைஞர்களும் மேடையில் வாசிக்கிறார்கள்.

நான்காவது, ஒன்றைப் போல் இன்னொன்று இராமல் பாருங்கள். எல்லாமே மெதுவான சோக உருப்படிகளாக இருந்தால் கை ஒரே பழக்கத்தில் போய்விடும். ஒன்று பாக் காலத்தது, ஒன்று மொஸார்ட் காலத்தது, ஒன்று ஷோப்பன் காலத்தது, ஒன்று இருபதாம் நூற்றாண்டினது என்று நான்கு வருடத்துக்கு நான்கு எடுத்தால் நான்கு விதமான கை வரும்.

பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் பயனில்லை. ஆகவே நான் நல்லதென்று கருதும் சிலவற்றைச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு, பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கென்று 1725 இல் தொடங்கிய கையெழுத்துப் புத்தகத்தில் உள்ளவை. வீட்டார் வாசிப்பதற்கென்று உருப்படிகளைச் சேர்த்து எழுதிவைத்த குடும்பப் புத்தகம் அது. அதிலுள்ள ஜீ மேஜர் மினுவெட் உலகப் புகழ் பெற்றது. நீண்ட காலம் பாக் எழுதியதென்றே எண்ணப்பட்டது. உண்மையில் அதை எழுதியவர் கிறிஸ்டியான் பெட்சோல்ட் என்பவர் என்று இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. பெயர் மாறினாலும் உருப்படியின் அழகு குறையவில்லை.

இரண்டு மூன்று வருடம் பழகியவர்களுக்கு, மேலே சொன்ன ஷூமானின் தொகுப்பு. அதே அளவுக்குக் கிளெமெண்டி 1797 இல் வெளியிட்ட ஆறு சொனாட்டினாக்கள். விரல் தெளிவாக ஓடப் பழகுவதற்கு இவை நல்லவை. ஹங்கேரியின் பேலா பார்டோக் எழுதிய "மைக்ரோகொஸ்மொஸ்" இன்னொரு வாசல். ஆறு பாகங்களில் 153 உருப்படிகள், மிக எளிதிலிருந்து மிகக் கடினம் வரை படிப்படியாக ஏறும். முதலிரு பாகங்களைத் தம் மகனுக்குச் சமர்ப்பித்தார். கிராமத்து மக்களின் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்தவர் அவர். ஆகவே அவருடைய இசை, வழமையான மேலைத்தேய இசை போல இனிப்பாக மட்டும் இராது. முதலில் விசித்திரமாகக் கேட்கும், பிறகு விட முடியாது.

ஐந்தாம் தரத்தை எட்டியவர்களுக்கு, பாக்கின் பிரெலூட் ஒன்று. ஷோப்பனின் ஈ மைனர் பிரெலூட் இன்னொன்று. 1839 இல் வெளியான 24 பிரெலூட்களில் அது நான்காவது. 25 தாளக் கட்டங்கள் மட்டுமே, ஒரு பக்கம். வலக்கையில் ஒற்றை மெட்டு, இடக்கையில் மெல்ல மெல்ல இறங்கும் சுரக்கூட்டங்கள். 1849 இல் ஷோப்பனின் இறுதிச் சடங்கில் இதை ஓர்கனில் வாசித்தார்கள். விரலுக்கு வேலை குறைவு, காதுக்கு வேலை அதிகம். பதினாறு வயதில் ஒரு விதமாக வாசிப்பீர்கள், முப்பது வயதில் வேறு விதமாக வாசிப்பீர்கள். வைத்திருக்கத் தக்க உருப்படி என்று நான் சொல்வது இப்படிப்பட்டதைத்தான்.

பாக், கிளெமெண்டி, ஷூமான், ஷோப்பன் எல்லோரும் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆகவே அவர்களுடைய பழைய பதிப்புகளின் சுரக்குறிப்புகளை இணையத்திலிருந்து சட்டப்படி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெற்றோருக்குப் புத்தகச் செலவும் இல்லை.

இனிப் பெற்றோருடன் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

"பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளை உட்காராது" என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆகவேதான் பரீட்சையை விடச் சொல்லவில்லை. ஆனால் பரீட்சையின் புள்ளித் திட்டத்தையே பாருங்கள். அசோசியேட்டட் போர்ட் செயன்முறைப் பரீட்சைக்கு மொத்தம் 150 புள்ளிகள், சித்திக்கு 100. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30 வீதம் 90. மிச்சம் 60 புள்ளிகள் ஸ்கேல், முன்பின் பார்க்காததைப் பார்த்தவுடன் வாசித்தல், காதால் கேட்டு விடை சொல்லுதல் ஆகியவற்றுக்கு. பார்த்தவுடன் வாசிப்பதற்கு மட்டும் 21 புள்ளிகள். வருடம் முழுவதும் அந்த மூன்று உருப்படிகளையே திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தனக்கென ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய பிள்ளை, பத்து உருப்படிகளைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் நாலு வரி வாசித்துப் பார்க்கும். அதுவே பயிற்சிதான். ஆகவே தானே தெரிவு செய்யும் உரிமையைக் கொடுப்பதால் பரீட்சையும் கெட்டுப்போகாது.

இன்னொன்றும் உண்டு. சில வீடுகளில் இசைக் கருவியே கூடாது என்பார்கள், சில வீடுகளில் அளவோடு ஆகும் என்பார்கள். இந்தக் கருத்து வேறுபாடு மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். அதைத் தீர்த்துவைக்கும் அறிவு எனக்கில்லை. அது ஒவ்வொரு குடும்பமும் உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. பிள்ளையை அனுப்புவதென்று ஏற்கெனவே முடிவு செய்த வீட்டாருக்கே இதை எழுதுகிறேன். அனுப்புவதென்றால், பழகியது பிள்ளைக்குப் பயன்படும் விதமாக அனுப்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஏனென்றால் பெண்பிள்ளையின் படிப்பில் ஓர் ஆபத்து எப்போதும் காத்திருக்கிறது. அதை ஓர் அலங்காரமாக மட்டும் பார்ப்பதுதான் அந்த ஆபத்து. ஃபானி மெண்டல்சோன் என்ற ஜெர்மானியப் பெண்ணின் கதையை இதற்காகவே சொல்ல விரும்புகிறேன். 1805 இல் பிறந்தவர். புகழ்பெற்ற ஃபீலிக்ஸ் மெண்டல்சோனின் அக்கா. பதின்மூன்று வயதில் பாக்கின் 24 பிரெலூட்களையும் தம் தகப்பனாருக்காக மனப்பாடமாக வாசித்தார். ஆனால் 1820 இல் அந்தத் தகப்பனார் எழுதிய கடிதத்தில், இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அலங்காரமாக மட்டுமே இருக்க முடியும் என்ற பொருளில் எழுதினார். ஃபானி எழுதிய சில பாடல்கள் தம்பியின் பெயரில் அச்சாயின. அவர் மேடைக்குப் போவது அரிது. ஆனால் வீட்டில் இசையை விடவில்லை. பெர்லினில் தம் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் இசை நிகழ்ச்சி நடத்தினார். 1841 இல் பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொன்றாக ஓர் உருப்படித் தொகுதி எழுதினார். 1846 இல்தான் தம் பெயரில் தம் படைப்புகளை வெளியிடத் தொடங்கினார், அடுத்த வருடம் இறந்தார். 450க்கு மேற்பட்ட படைப்புகளை விட்டுச்சென்றார்.

நம் பிள்ளைகள் எல்லோரும் ஃபானி ஆகப்போவதில்லை. கொழும்பில் பிறந்து, லண்டனிலும் நியூயோர்க்கிலும் படித்து, இட்சாக் பேர்ள்மன் என்ற மாபெரும் வயலின் கலைஞருடன் உலக மேடைகளில் வாசிக்கும் ரொஹான் டி சில்வா போலவும் எல்லோரும் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. பாக் தம் "இன்வென்ஷன்கள்" என்ற 15 சிறு உருப்படிகளின் முகப்புப் பக்கத்தில், இவை யாருக்கென்று 1723 இல் எழுதிவைத்திருக்கிறார். கருவியை விரும்புகிறவர்களுக்கும், முக்கியமாகக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கும் என்பதே அதன் கருத்து. தொழிலாகச் செய்கிறவர்களுக்கென்று அவர் எழுதவில்லை. விரும்புகிறவர் என்பது போதுமான தகுதி. அந்தத் தகுதி நம்மில் யாருக்கும் உண்டு. ஆனால் விரும்புகிறவருக்குத் தான் விரும்பும் பொருள் கையில் இருக்க வேண்டாமா?

இப்போது மறுபடியும் கணக்குக்கு வருவோம். ஒன்பது வயதில் தொடங்கி, சாதாரண தரம் எழுதும் பதினாறு வயது வரை எட்டு வருடங்கள். வருடத்துக்கு ஒன்று என்றால் எட்டு உருப்படிகள். ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். கிழமைக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டையும் ஒரு முறை வாசித்துவிடலாம். அப்படி வாசித்தால் அவை மறக்காது. உயர்தரத்துக்குப் படிக்கிற வருடத்திலும் கிழமைக்கு இருபது நிமிடம் கிடைக்காத வீடு எது? வகுப்பு நின்றாலும், ஆசிரியை இல்லாவிட்டாலும், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாலும், கட்டைகள் உள்ள இடத்தில் அந்த இருபது நிமிடம் அவளுடையது.

நுவரெலியாவில் மழை தொடங்கினால் நாள் கணக்கில் வெளியே போக முடியாது. கரண்ட் போனால் கீபோர்டும் வேலை செய்யாது என்பது உண்மைதான். ஆனால் பற்றரி போட்டு வாசிக்கலாம். இதுவரைக்கும் பழகியவற்றில் ஒன்றை, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை, இந்தத் தவணை விடுமுறைக்குள் தெரிவு செய்யுங்கள். பரீட்சை முடிந்துபோன பழைய உருப்படியாக இருந்தாலும் பரவாயில்லை. புத்தகத்தை எடுத்து அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் முதலில் பாருங்கள். அடுத்த முறை யாராவது என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டால், தரத்தின் எண்ணைச் சொல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.